மாவடிக் கல்யாணமும் ஆட்டோவில் இருந்த தட்டும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலேயே ஆறேழு வருஷம் ஓடிவிட்டது. எழுத உட்காருவேன். முதல் பக்கம் நன்றாகவே வரும். அப்புறம் "அமுதா மேடையில் பாட்டை மறந்து நின்றாள்" என்று எழுத வேண்டிய இடம் வரும். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவேன். ஒரு பெண் அவ்வளவு பாடுபட்டு வாங்கிய பெயரை என் எழுத்து கெடுத்துவிடக் கூடாது என்ற பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்லாமல், யாருக்காவது கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது?

போன மாதம் தினேஷ் வீட்டுக்கு வந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் நாடக சபாவில் திரையைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். இப்போது கயிறு கிடையாது, மோட்டார். பொத்தானை அழுத்தினால் போதும். வந்தவன் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, நம்ம நாடகத்த மறுபடி போடறோம். அந்த வெள்ளப் பாட்டுக்குக் கூட்டத்துல எந்தெந்த வரிசையில ஆளு ஒக்கார வைக்கணும்?"

"எதுக்குப்பா ஆளு?"

"பாடறதுக்குத்தான். ஆம்பளைங்க மொதப் பாதி, பொம்பளைங்க ரெண்டாவது பாதி. பத்திரிகையில போட்டிருந்தாங்களே. ஆளுங்களுக்கு ஒத்திகை வேற பாக்கணும், சம்பளம் பேசணும். அப்ப யாரு பேசினாங்க? நீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் போனதும் அமுதாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, "எழுதட்டுமாம்மா?" என்றேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"மறந்துதான மாமா போச்சு? மறந்துபோச்சுன்னே எழுதுங்க."

அதனால் எழுதுகிறேன். காமாட்சித் தாய் துணை.

என் அப்பா கோயில் வாசலில் பூ கட்டி விற்றவர். எங்கள் வீட்டில் தறி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். எனக்குப் பூ கட்டும் கை வரவில்லை. சபாவில் சீன் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். பெட்டி தூக்கி, சீன் கட்டி, விளக்குப் பிடித்து, கடைசியில் முன்திரைக் கயிறு கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கயிற்றை நான் விடவில்லை.

திரை இழுப்பதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று கல்யாண வீடுகளில் என்னைக் கேட்டிருக்கிறார்கள். திரையை ஏற்றுவதில் ஒன்றும் இல்லை, பலம் இருந்தால் போதும். இறக்குவதில்தான் இருக்கிறது. கயிற்றை ஒரேயடியாக விட்டால் அடிக்கட்டை தரையில் மோதி டொம்மென்று சத்தம் வரும். ஜனங்கள் அழுதுகொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் அழுகை நின்றுவிடும். அதனால் இரண்டு கையிலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு, கயிற்றை உள்ளங்கையில் வழுக்க விட்டு, கடைசி முழத்தில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கட்டை தரையைத் தொட்டது யாருக்கும் தெரியக் கூடாது. கப்பியில் சாயங்காலமே தேங்காய் எண்ணெய் விட்டு, அதற்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிடுவேன். பிறகு மனசுக்குள் அம்பாள் பெயர். அவ்வளவுதான் என் வித்தை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் மேடையில் கயிறு கட்டும் முளை மேடைப் படிக்குப் பக்கத்தில் கீழே இருந்தது. குனிந்தபடிதான் நிற்க வேண்டும். அங்கிருந்து மேடை தெரியும், எதிர்ப்பக்கம் நிற்கிற வாத்தியார் தெரிவார். ஆனால் ஜனங்களின் முகம் தெரியாது. முன் வரிசை நாற்காலிகளுக்குக் கீழே இருக்கிற கால்கள்தான் தெரியும். ஆயுசு முழுக்க நாடகம் பார்க்க வந்தவர்களின் கால்களைப் பார்த்தவன் நான். நாடகம் பிடித்துப்போனால் காலைப் பின்னால் இழுத்து நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொள்வார்கள். பிடிக்கவில்லை என்றால் கட்டை விரல் மெதுவாகச் செருப்பைத் தேடும். முகத்தில் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டு இருப்பார்கள், கால் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு இருக்கும்.

இனி வாத்தியார். சிவக்கொழுந்து வாத்தியார் என்றால் எங்கள் ஊரில் தெரியாதவர்கள் அப்போது இல்லை. நாடகம் சொல்லிக்கொடுப்பவர், பாட்டுக் கட்டுபவர், வயசுக் காலத்தில் பெண் வேஷம் கட்டியவர். ஒல்லி உடம்பு. யாரையும் அதட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். வேலை நன்றாக இருந்தால் நாடகம் முடிந்து பக்கத்தில் வந்து, "சாப்ட்டியா?" என்று கேட்பார். சரியில்லை என்றால் "போய்ப் படு" என்பார். இந்த இரண்டுக்கு மேல் அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்ததில்லை. "சாப்ட்டியா" கேட்ட நாளில் நிஜமாகவே பசி தெரியாது.

நாடகம் நடக்கும்போது அவர் துண்டுதான் எங்களுக்கு உத்தரவு. வலது தோளில் இருந்தால் நாடகம் நடக்கட்டும் என்று அர்த்தம். இடது தோளுக்கு மாறினால் திரை விழ வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. நடிகர் வாய் குளறினாலும், தாடி கழன்றாலும், ஜனங்களுக்குப் புரிவதற்குள் துண்டு மாறிவிடும், திரை விழுந்துவிடும். அப்படி எத்தனையோ பேர் மானம் அந்தத் துண்டால் தப்பித்திருக்கிறது.

எங்கள் சபாவின் பெரிய நாடகம் மாவடிக் கல்யாணம். ஒரே பாட்டாக இருக்கும், பேச்சுக் குறைவு. நம் ஊர்க் கதைதான். அம்பாள் மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து வைத்துத் தவம் இருக்கிறாள். கம்பை நதியில் வெள்ளம் வருகிறது. மணல் லிங்கம் கரைந்துவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு பாடுகிறாள். அப்போது ஈசன் வந்து அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறார்.

அதில் ஒரு வழக்கம். நாடகத்துக்கு வேண்டிய கிரீடம், மாலை, சூலம் எல்லாம் சபா பெட்டியில் இருக்கும். தாலிக் கயிறு மட்டும் இருக்காது. அது ஊரிலிருந்து வர வேண்டும். வெள்ளப் பாட்டு முடிந்ததும், பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டிலிருந்து மூத்த சுமங்கலி மஞ்சள், குங்குமம், தேங்காய், மஞ்சள் கயிறு வைத்த தட்டோடு மேடை ஏறி அம்பாளிடம் கொடுப்பாள். பெண் வீட்டுச் சீர். அந்தக் கயிறு வந்தால்தான் கல்யாணக் காட்சி. தட்டு வரவில்லை என்றால் கல்யாணம் இல்லை. அம்பாள் கல்யாணம் நின்றுபோனது என்று ஊரில் ஒரு பேச்சு வந்துவிட்டால் அந்த நாடகத்தை அதற்குப் பிறகு எவன் போடுவான்? வாத்தியார் அம்பாளாக நின்ற காலத்தில் தட்டு வராமல் போனதே இல்லை. பாட்டு முடியும் முன்பே அந்த அம்மா படியில் வந்து நிற்பாள்.

வாத்தியாருக்கு வயசாகி வேஷம் கட்ட முடியாமல் போனதோடு அந்த நாடகம் நின்றது. ஆண்பிள்ளை அம்பாள் வேஷம் கட்டுவதை ஜனங்கள் ரசிக்கிற காலமும் போய்விட்டது. வேஷத்துக்குப் பெண் பிள்ளை யாரும் வரவில்லை. மற்ற நாடகங்கள் நடந்தன, நானும் கயிறு இழுத்துக்கொண்டு இருந்தேன். பல வருஷம் கழித்து ஒரு நாள் வாத்தியார் சொன்னார்: "மூச்சு இருக்கும்போதே ஒரு வாட்டி போட்டுடலாம்பா."

அமுதா அப்படித்தான் வந்தாள். ஏனாத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். ஊர் தாமல். ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. கல்லூரி விழாவில் அவள் பாடியதைக் கேட்டு யாரோ வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறார்கள். கணீரென்ற குரல், அழுத்தமான நடை. எல்லாப் பாட்டையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். வெள்ளப் பாட்டு மட்டும் படாத பாடு படுத்தியது.

அந்தப் பாட்டின் முதல் அடி இது:

*கம்பை நதி கரை புரண்டு வருகுதே*
*கையணைத்து நானிருக்கேன் கலங்காதே*

ஆர்மோனியம் எடுத்துக் கொடுக்கும். அவள் முதல் வரிக்கு வாயைத் திறக்க மாட்டாள். அந்த வரி போகிற நேரம் முழுக்கச் சும்மா நிற்பாள். அப்புறம் "கையணைத்து" என்று அட்டகாசமாக எடுப்பாள்.

"மொதல் வரி எங்கம்மா?" என்பார் வாத்தியார்.

"மறந்துடுது சார். எங்கம்மா இந்தப் பாட்டு பாடுவாங்க. அவங்க இப்படித்தான் பாடுவாங்க. பாதிதான் பாடுவாங்க."

"மீதிப் பாதிய யாரு பாடுவா?"

"தெரியல சார். சும்மா இருப்பாங்க. அப்புறம் அடுத்த வரியில வருவாங்க."

வாத்தியாருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. சொன்னேனே, எங்கள் வீட்டில் தறி கிடையாது. வாத்தியார் வீட்டிலும் கிடையாது. மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்து, ஒரு வழியாக முதல் வரி அவள் வாயில் உட்கார்ந்தது. ஆனால் ஒட்டிவைத்தது போலத்தான் இருந்தது.

ஒத்திகை நடக்கும்போது கனகம்மா வந்தார். தட்டு எடுக்கிற உரிமை உள்ள வீடு அவருடையது. மாமியார் எடுத்த தட்டு, இப்போது இவர் எடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து அமுதாவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குதுபா. கொரலும் நல்லா இருக்குது. ஆனா எங்க தெருவுல கேப்பாங்க இல்ல, எந்த ஊரு, யார் வீட்டுப் பொண்ணுன்னு?"

வாத்தியார் சிரித்துக்கொண்டே, "அம்பாளுக்கு எந்த ஊரும்மா?" என்றார்.

"அம்பாளுக்கு இந்த ஊருதான். அதனாலதான் கேக்கறேன்."

கனகம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "தட்டு எடுக்கறதா இல்லையான்றத அன்னைக்குப் பாத்துக்கறேன். இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அமுதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கனகம்மா போன பிறகு என்னிடம் வந்து, "அவங்க எடுக்கலன்னா என்ன ஆவும் மாமா?" என்றாள்.

"எடுப்பாங்கம்மா."

"எடுக்கலன்னா?"

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய், தாயே, உன் கல்யாணம், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

நாடக நாள் வந்தது. கோயில் பக்கத்திலேயே ஒரு கல்யாண மண்டபம். விளக்கு வைத்ததும் ஆரம்பித்துவிட்டோம். கூட்டம் நிறைந்துவிட்டது. நெசவாளர் வீட்டு ஜனங்கள், கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், கையில் போனோடு கல்லூரிப் பிள்ளைகள். சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுகிறவரும் வந்திருக்கிறார் என்று சபாக்காரர்கள் பரபரத்தார்கள். மூன்றாவது வரிசையில் அவருக்குத் தனியாக ஒரு நாற்காலி, பக்கத்தில் தண்ணீர் பாட்டில்.

எனக்கு அவரைப் பற்றிக் கவலை இல்லை. கனகம்மா உள்ளே வரும்போது நான் படிக்கட்டில்தான் நின்றேன். நல்ல அரக்குப் பட்டுப் புடவை. பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் முருகேசன், பின்னால் அவர்கள் பிள்ளை பாலாஜி. முன் வரிசையில் அவர் பெண்கள் பக்கமும் முருகேசன் ஆண்கள் பக்கமும் உட்காரப் போனார்கள். கனகம்மாவின் கையைப் பார்த்தேன். கை வெறுங்கை.

மேக்கப் அறையிலிருந்து அமுதாவும் எட்டிப் பார்த்துவிட்டாள். அவள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

திரை ஏறியது. முதல் காட்சிகள் சுமாராகத்தான் போயின. ஈசன் வேஷக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்துவிட்டார். முன் வரிசையில் யாரோ, "ஈஸ்வரனுக்கு நேரம் பாத்துத்தான் வரணும் போல" என்று சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் வேலையைப் பார்த்தேன், கால்களைப் பார்த்தேன். இரண்டு மூன்று கட்டை விரல்கள் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தன.

வெள்ளக் காட்சி வந்தது. இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று நீலத் துணியை ஆட்டினார்கள். நடுவில் மணல் லிங்கம், அதன் எதிரே அமுதா. பச்சைப் புடவை, விரித்த கூந்தல். ஆர்மோனியம் பாட்டை எடுத்துக் கொடுத்தது.

அவள் வாய் திறக்கவில்லை.

ஆர்மோனியக்காரர் அனுபவசாலி. எதுவும் நடக்காதது போல இன்னொரு சுற்றுச் சுற்றி மறுபடி எடுத்துக் கொடுத்தார். அவள் கண் நேராக முன் வரிசையில், கனகம்மாவின் வெறுங்கையில் இருந்தது. உதடு ஆடியது, சத்தம் வரவில்லை. ஒட்டிவைத்த முதல் வரி விழுந்துபோய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எதிர்ப்பக்கம் பார்த்தேன். வாத்தியார் துண்டை எடுத்து இடது தோளில் போட்டார்.

அந்தத் துண்டை நான் ஒரு நாளும் மீறியதில்லை. கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்துக் கையில் சுற்றிவிட்டேன். திரை விழுந்தால் அவள் மானம் தப்பும், ஆனால் பாட்டுக்கு நடுவில் விழுந்த திரைக்குத் தட்டு வராது. அம்பாள் கல்யாணம் அதோடு நின்றுபோகும். வழக்கம்போலத் தலையைத் திருப்பி முன் வரிசைக் கால்களைப் பார்த்தேன். எழுந்து போகிறார்களா என்று பார்க்கத்தான்.

முருகேசனின் கால்கள் தெரிந்தன. செருப்பைத் தேடவில்லை. வலது கால் தரையை மிதித்தது. பிறகு இடது கால். பிறகு வலது. பாட்டின் தாளத்துக்கு ஒரு கால் மாற்றி ஒரு கால், குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கிற மாதிரி. அடுத்த நாற்காலியில் இன்னொருவருக்கும் அதே மிதி. அதற்கடுத்த நாற்காலியிலும். வரிசையே தறி மிதித்துக்கொண்டு இருந்தது. வாத்தியார் நிற்கிற இடத்திலிருந்து இது தெரியாது.

என் கை கயிற்றோடு நின்றுவிட்டது. எதிரே வாத்தியார் துண்டைத் தட்டித் தட்டிக் காட்டுகிறார். நான் விடவில்லை.

அப்போது முருகேசன் பாடினார். நான் குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்து எட்டிப் பார்த்தேன். யாரையும் பார்க்கவில்லை, எழுந்து நிற்கவில்லை. கண் பாதி மூடியிருந்தது. வலது கை தன்பாட்டுக்கு, தறியில் ஊடை நூல் வைத்த நாடாவைத் தள்ளுகிற மாதிரி பக்கவாட்டில் போனது.

"கம்பை நதி கரை புரண்டு வருகுதே..."

மேடையிலிருந்து அந்த நொடியே பதில் வந்தது. யோசித்துப் பாடியது இல்லை அது, தானாக வந்தது.

"கையணைத்து நானிருக்கேன் கலங்காதே!"

முருகேசன் கண்ணைத் திறந்தார். அடுத்த வரியை அவர் மட்டும் பாடவில்லை. ஆண்கள் வரிசை முழுவதும் பாடியது.

"மண்ணெடுத்த திருமேனி கரையுதே..."

"மார்பணைத்து நானிருக்கேன் கரையாதே" என்று அமுதா பாட, அவளோடு சேர்ந்து பெண்கள் பக்கமெல்லாம் பாடியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டுப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் வைத்து நெய்கிற கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் ஒரு நாடாவைத் தள்ளுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற துணை ஆள் கரைக்கான நாடாவைத் திருப்பித் தள்ளுவார். நாடகத்தில் கேட்ட இந்தப் பாட்டைத் தறியில் பாடிப் பாடி ஜனங்கள் அதையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நாடாவைத் தள்ளுகிறவர் முதல் பாதி, கரைப் பக்கம் இருக்கிறவர் மறு பாதி. அமுதாவின் அம்மா பாதிப் பாட்டு பாடியது அதனால்தான். மீதிப் பாதிக்குச் சொந்தக்காரர் தறியின் இந்தப் பக்கம் இருந்திருக்கிறார்.

பாட்டு முடிந்தது. அமுதா மணல் லிங்கத்தை அணைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இப்போது தட்டு வர வேண்டும்.

கனகம்மா எழுந்தார். மேடைக்கு வரவில்லை. திரும்பி வாசல் பக்கம் பார்த்து நின்றார். போகிறார் என்றே நினைத்தேன்.

"டேய் பாலாஜி, ஆட்டோல இருக்குது பாரு, போய் எடுத்துக்கினு வா."

"எதும்மா?"

"தட்டுடா. சீட்டுக்குப் பின்னாடி வெச்சிருக்கறேன். ஓடு."

மண்டபமே சிரித்தது. பாலாஜிக்கு நல்ல தொப்பை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். வெளியே ஆட்டோவை மறித்து யார் யாரோ வண்டியை நிறுத்தியிருந்தார்களாம், அதையெல்லாம் நகர்த்திவிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. இங்கே ஆர்மோனியக்காரர் தெரிந்த ராகமெல்லாம் வாசித்துத் தீர்த்துவிட்டார். நீலத் துணி ஆட்டுகிற இரண்டு பேரும் கை மாற்றி மாற்றி ஆட்டினார்கள். ஒருவன் என் பக்கம் திரும்பி, "இன்னும் எவ்ளோ நேரம்ணா வெள்ளம் வரும்?" என்று முணுமுணுத்தான். அமுதா மட்டும் அணைத்த கையை எடுக்கவில்லை. நான் கயிற்றை முளையில் கட்டிவிட்டேன். இனி அது தேவை இல்லை என்று தெரிந்துவிட்டது.

தட்டு வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பாலாஜி கொடுக்க, கனகம்மா வாங்கிப் படி ஏறினார். வழக்கமாகத் தட்டைக் கொடுக்கும்போது "தாயே, பொண்ணு வீட்டுச் சீர்" என்று சொல்லி நமஸ்காரம் செய்வார்கள். அதைச் செய்தார். பிறகு குங்குமம் வைக்கக் குனிகிற மாதிரி அவள் காதுக்கருகில் கேட்டார். நான் பக்கத்திலேயே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"ராணி பொண்ணா நீ?"

அம்பாள் வேஷத்தில் இருக்கும்போது சொந்தப் பேச்சுப் பேசக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அமுதா தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் மையைக் கரைத்துக்கொண்டு ஓடியது.

"கலங்காதேன்னு அவ இழுக்கற மாதிரியே இழுக்கறியேடி" என்று சொல்லிக்கொண்டே நெற்றியில் குங்குமத்தை அழுத்தி வைத்தார். வைத்த வேகத்தில் பொட்டு கோணலாகிவிட்டது. கல்யாணக் காட்சி முழுக்க அம்பாள் கோணல் பொட்டோடுதான் இருந்தாள்.

நான் சீன் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்தது என் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆன அன்றுதான்.

நாடகம் முடிந்து கனகம்மா உள்ளே வந்தார். "உங்கம்மா எங்க வீட்டுலதான் கரைக்கு ஒக்காந்துக்கினு இருந்தா. இவருக்கு ஜோடி அவதான். உன்ன எங்க தறிக்குப் பக்கத்துலதான் தூளி கட்டிப் போட்டிருப்பா. நீ அழுதா இவரு தறிய நிறுத்திட்டு ஆட்டுவாரு." பக்கத்தில் முருகேசன் சங்கடமாகச் சிரித்தார். "சேலை முடிக்கறதுக்கு லேட்டாவும். நான் அவரத் திட்டுவேன்."

அமுதா கேட்டாள்: "அப்ப ஏம்மா தட்ட ஆட்டோல வெச்சீங்க?"

நான் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கனகம்மாவும் எதிர்பார்க்கவில்லை. வளையலைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"எடுக்காம வரவும் மனசு வரல. எடுத்துக்கினு உள்ள வரவும் மனசு வரல. வேணாம்னா அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கினு போயிடலாம்னு வெச்சேன். போதுமா?"

"போதும்மா" என்றாள் அமுதா. இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராணியைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வர வேண்டும் என்று கனகம்மா சொன்னார். போனார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

எல்லாரும் கிளம்பிய பிறகு வாத்தியார் என்னிடம் வந்தார். துண்டை மீறியவன் நான். "போய்ப் படு" என்பார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் என் கையில் சுற்றியிருந்த வேட்டித் துணியை அவிழ்த்துக் கொடுத்தார்.

"ஏன் விடல?"

"காலு மிதிச்சுக்கினு இருந்துது வாத்தியாரே. தறி மிதிக்கற மாதிரி."

அவர் குனிந்து, முன் வரிசைக் காலி நாற்காலிகளுக்குக் கீழே ஒரு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்: "சாப்ட்டியா?"

விமர்சனம் ஒரு வாரம் கழித்து வந்தது. கெட்டதாக ஒன்றும் எழுதவில்லை அவர். அமுதாவின் குரலை மனசாரப் பாராட்டியிருந்தார். வெள்ளத் துணி சாயம் போயிருக்கிறது என்று எழுதியிருந்தார், அது உண்மைதான், புதுத் துணி வாங்கினோம். ஈசனின் கைக்கடிகாரத்தையும் விடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு விஷயம் எழுதியிருந்தார். பார்வையாளர்களுக்கு நடுவே பாடகர்களை உட்கார வைத்து, நாயகியை மௌனமாக நிற்க வைத்துப் பாட்டை இரண்டாகப் பிரித்தது இயக்குநரின் அருமையான உத்தி என்று ஒன்று. தட்டு வரும் காட்சி மட்டும் தேவையில்லாமல் நீள்கிறது, ஆட்டோ நகைச்சுவையை வெட்டிவிட்டால் நாடகம் இன்னும் கச்சிதமாக இருக்கும் என்று இன்னொன்று.

வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு. "வெட்டிடலாமாப்பா?" என்றார். மறுப்பு எழுதிப் போடலாமா என்று சபாக்காரர்கள் கேட்டதற்கு, "நல்லாத்தான எழுதியிருக்காரு, வுடு" என்று சொல்லிவிட்டார். அதைப் படித்துவிட்டு வெளியூரிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்தார்கள். நாடகம் பல தடவை நடந்தது. ஒவ்வொரு தடவையும் பாட்டின் மறு பாதியை மட்டும்தான் அமுதா பாடினாள். முதல் பாதியை ஊர் பாடியது. யாரையும் உட்கார வைக்கவில்லை, யாருக்கும் ஒத்திகை இல்லை. தட்டும் வந்தது, கனகம்மா கையிலேயே.

வாத்தியார் இப்போது இல்லை. கதை மட்டும் ஊரில் பலவிதமாகச் சுற்றுகிறது. கோயிலில் ஒரு அம்மா என்னிடமே சொன்னார், அன்றைக்கு அம்பாளே வந்து அந்தப் பெண்ணின் வாயைக் கட்டிவிட்டாளாம், பிறகு தானே பாடினாளாம். கல்லூரிப் பிள்ளைகள் அது முன்பே பதிவு செய்து வைத்த பாட்டு என்கிறார்கள். தினேஷ் ஆளுக்குச் சம்பளம் பேசப் புறப்பட்டுவிட்டான்.

அம்பாள் வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டின் ஒரு பாதியைப் பிள்ளையார்பாளையத்திலும் மறு பாதியைத் தாமலிலும் வைத்துக் காப்பாற்றினவள் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் செய்ததை அவள் செய்த மாதிரியே சொல்ல வேண்டும், நம் இஷ்டத்துக்கு ஜோடிக்கக் கூடாது.

அதனால் இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிடித்திருந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள், இருக்கிறபடியே சொல்லுங்கள். அமுதா மறந்து நின்றதை எடுத்துவிடாதீர்கள். வாத்தியார் துண்டை மாற்றிப் போட்டதையும், தட்டு ஆட்டோவில் சீட்டுக்குப் பின்னால் இருந்ததையும் எடுத்துவிடாதீர்கள், அந்தத் தாமதத்தையும் குறைக்காதீர்கள். பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், மீதியை எடுத்துப் பாட எல்லா ஊரிலும் ஒரு முருகேசன் உட்கார்ந்திருக்க மாட்டார்.